புயலின்போது குதிரைகளைத் தகரக் கொட்டகையில் வைப்பதா, வெளியில் விடுவதா?

செம்மண் தோட்டம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில், ஒரு சிறு கண்மாயின் கரைக்குக் கீழே எங்கள் தோட்டம் இருக்கிறது. அப்பச்சி ஆசைப்பட்டு அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரிப் பெட்டைக்குதிரை ஒன்று, காயடித்த இளம் ஆண்குதிரை ஒன்று, குழந்தைகள் ஏறிப் பழகும் மட்டக்குதிரை ஒன்று என மூன்றை அங்கே வளர்க்கிறோம். அப்பச்சிக்கு உடல்நிலை சரியில்லாததால் இந்த ஆண்டு முதல் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. புரட்டாசி பிறந்துவிட்டது, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கொட்டகை இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டது. மேற்குப் பக்கம் மட்டும் செங்கல் சுவர்; மற்ற மூன்று பக்கங்களிலும் இடுப்பளவுக்குக் குழாய்த் தடுப்புத்தான். வெயிலுக்கு நிழல் வேண்டும் என்று தென்னை மரங்களுக்கு நடுவே போட்டிருக்கிறார்கள், பின்னால் ஒரு பழைய புளியமரமும் உண்டு. கொட்டகையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வெற்றுத் தரை, சுற்றிலும் முள்கம்பி வேலி. இவை தவிர, ஊருக்குள் எங்கள் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் பின்கட்டில் பழைய வண்டிக் கொட்டகை ஒன்று நாட்டு ஓடு வேய்ந்த கூரையுடன் இருக்கிறது.

புயல் அறிவிப்பு வந்தால் கொட்டகையிலேயே இறுக்கிக் கட்டிவிடலாம் என்கிறார் தோட்டத்தில் வேலை செய்பவர். அவிழ்த்து வெளியில் விடுவதுதான் சரி என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வீட்டுக்குக் கொண்டுபோய்விடு என்கிறார் சென்னையில் இருக்கும் அக்கா. இடி மின்னலுக்கும் இதே முடிவு பொருந்துமா என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் சித்திரை மாதக் கோடை மழையில் பக்கத்துக் காட்டுப் பனையில் இடி விழுந்தபோது இளங்குதிரை மிரண்டு ஓடி முள்கம்பியில் தோளைக் கிழித்துக்கொண்டது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


அறந்தாங்கிக் குதிரைக்காரர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். குதிரை வண்டிப் பந்தயத்துக்காகத் தலைமுறையாகக் குதிரை வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தின் வழியாக உள்ளே போனபோது, எங்கள் பக்கத்தில் எது நின்றது, எது விழுந்தது என்பதை விடிந்ததும் நடந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தென்னை வேரோடு சாய்ந்தது, இல்லாவிட்டால் நடுவில் முறிந்தது. பனை பெரும்பாலும் நின்றது. ஓட்டு வீடுகளில் ஓடு சரிந்ததே தவிரச் சுவர் நின்றது. திறந்த தகரக் கொட்டகைகளில் தகரம் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. மூன்று பக்கமும் திறந்த கொட்டகைக்குள் காற்று நுழைந்தால் கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரத்தில் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். இரண்டும் சேரும்போது கொக்கி ஆணி தாங்காது. தகரத்தின் மேல் மணல் மூட்டையும் கருங்கல்லும் ஏற்றி வைப்பது நம் பக்கத்து வழக்கம். கூரை பெயர்ந்தால் அந்தக் கல் குதிரையின் முதுகில்தான் விழும். உங்கள் கொட்டகையில் இருக்கும் ஒரே சுவர் மேற்கில் இருக்கிறது, வடகிழக்குப் பருவத்தில் காற்றும் சாரலும் வருவதோ பெரும்பாலும் திறந்த பக்கத்திலிருந்து. அதற்குள் குதிரையைக் கட்டிப்போடும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். எந்தக் கூரைக்கு அடியில் நிறுத்தினாலும் காற்று நேரத்தில் குதிரையைக் கயிற்றில் கட்டி வைக்கக் கூடாது. மிரண்ட குதிரை பின்வாங்கி இழுத்தால் கயிறும் அறும், சில நேரம் கழுத்தும் போகும்.

வெளியில் விடுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் இடம் சரியாக இருக்க வேண்டும். குதிரை காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டித் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிடும். அது அதன் இயற்கை. மரம் விழுந்தால் எட்டாத தூரம் வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு: உங்கள் தென்னை 20 மீட்டர் உயரம் என்றால் அதைவிடக் கூடுதலான தூரத்துக்கு அப்பால் தரை இருக்க வேண்டும். மின்கம்பி மேலே போகக் கூடாது. வேலி முள்கம்பியாக இருக்கக் கூடாது. உங்கள் ஒன்றரை ஏக்கர் இந்த மூன்றில் எத்தனையில் தேறும் என்று நீங்களே நடந்து பாருங்கள்.

கண்மாய்க் கரைக்குக் கீழே என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் காற்றைவிடக் கவலையாக இருக்கிறது. கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எந்தப் பக்கம் இருக்கிறது, அது பாய்ந்தால் தண்ணீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது, மடைக்கு அருகில் கரை மெலிந்திருக்கிறதா என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். செம்மண் மேட்டில் தண்ணீர் இறங்கிவிடும். கண்மாய்க்குக் கீழ் வண்டல் தரையோ சேறாகி, 400 கிலோ எடையுள்ள குதிரையின் காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். சேற்றில் புதைந்த குதிரையைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்தால் அதன் கதை முடிந்தது.


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

மேலே எழுதியவர் காற்றைப் பற்றிச் சொன்னவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் கேள்வியில் இரண்டு வேறுபட்ட ஆபத்துகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் முடிவெடுத்தால் ஒன்றுக்குச் செய்யும் பாதுகாப்பு மற்றொன்றுக்குக் கேடாக முடியும்.

வங்கக் கடலில் உருவாகும் புயல் சில நாள்களுக்கு முன்பே அறிவிப்புடன் வருகிறது. அதில் ஆபத்து காற்றும் வெள்ளமும். சித்திரை, வைகாசியில் பிற்பகலில் எழும் கோடை இடிமழை ஒரு மணி நேர அவகாசம்கூடத் தராமல் வருகிறது, அதில் ஆபத்து மின்னல். பலவீனமான கொட்டகையைவிட வெட்டவெளி நல்லது என்பது முதலாவதற்குப் பொருந்தும். இரண்டாவதற்கு அது பொருந்தாது. வெட்டவெளியில் நிற்கும் விலங்கே அங்கு உயரமான பொருளாகிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து தரை வழியாக வருவது. மின்னல் ஒரு மரத்தில் இறங்கியதும் மின்னோட்டம் அடிமரத்தைச் சுற்றித் தரையில் பரவுகிறது. மரத்துக்கு அருகில் உள்ள கால் ஒரு மின்னழுத்தத்திலும், தள்ளி நிற்கும் கால் வேறொரு மின்னழுத்தத்திலும் இருக்கும்போது, அந்த வேறுபாடு உடலின் வழியாகப் பாய்கிறது. நமக்கு அது ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடக்கூடும். குதிரைக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல், இதயமோ அந்தப் பாதையிலேயே இருக்கிறது. ஒரே மரத்தடியில் ஒதுங்கிய ஆடுமாடுகள் கூட்டமாக இறந்து கிடக்கும் செய்திகளுக்குக் காரணம் இதுவே. எனவே அந்தப் புளியமரத்தை மின்னல் நேரத்து ஒதுங்கிடமாக நினைக்காதீர்கள். முள்கம்பி வேலியும் மின்னோட்டத்தை நெடுந்தூரம் கடத்தும்.

மின்னலுக்குச் சரியான இடம் சுவர்களும் கூரையும் உள்ள கட்டடம். தோட்டத்திலேயே அப்படி ஒன்று கட்டும் எண்ணம் இருந்தால், இடிதாங்கியும் முறையான நிலத்தொடர்பும் சேர்த்தே கட்டுங்கள். அதுவரை எச்சரிக்கையை முன்கூட்டியே பிடிப்பதுதான் வழி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் விழும் மின்னலைக் காட்டுகிறது. செயலி இல்லாவிட்டாலும் கணக்கு எளிது: மின்னலைக் கண்டதிலிருந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, குதிரையை உள்ளே கொண்டுவர வேண்டிய நேரம் அது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே விட வேண்டாம். அந்த நேரத்தில் குதிரையைப் பிடிக்கப் போகும் ஆளின் உயிரும் உண்டு என்பதை மறக்காதீர்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் ஆளை அனுப்பாதீர்கள்.

இனி உடல்நலம். புயலுக்குப் பிறகு என்னிடம் வந்த குதிரைகளில் மரம் விழுந்து அடிபட்டவை குறைவு; ஆணியும் தகரமும் கிழித்த காயங்களுடனும், வயிற்று வலியுடனும் வந்தவை அதிகம். வீட்டு விலங்குகளில் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் இரையாவது வேறில்லை. இதுவரை தடுப்பூசியே போடாத குதிரைக்கு முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் 4 முதல் 6 வாரம் இடைவெளி வேண்டும், ஆகவே புரட்டாசியில் தொடங்கினால்தான் ஐப்பசி இறுதிக்குள் பாதுகாப்புக் கிடைக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி எப்போது முடிந்தது என்று பாருங்கள். இளங்குதிரையின் தோள் கிழிந்தபோது என்ன ஊசி போட்டார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். காயத்துக்கு உடனே போடும் எதிர்ப்பு மருந்து வேறு, தடுப்பூசி வேறு.

வயிற்று வலிக்கு முதற்காரணம் தண்ணீர் குறைவது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை வேண்டும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை என்பதை நினைத்தால், மோட்டாரை நம்ப முடியாது. மூன்று குதிரைக்கு மூன்று நாளுக்கு என்றால் 360 லிட்டர். 500 லிட்டர் தொட்டியைப் புயலுக்கு முந்தின இரவே நிரப்பிவிட்டால் தண்ணீருக்கும் ஆயிற்று, தொட்டி காற்றில் பறக்காமலும் இருக்கும். வெள்ளம் கலந்த ஊருணித் தண்ணீரைக் காட்ட வேண்டாம், எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி குதிரையின் கண்ணைத் திரும்பத் திரும்பத் தாக்கிப் பார்வையையே கெடுத்துவிடும்.

தீவனத்தில் மக்கள் செய்யும் தவறு இரண்டு. வேலையில்லாமல் அடைந்து நிற்கும் குதிரைக்கு வழக்கம்போல் கொள்ளும் தவிடும் வைப்பது ஒன்று. அடைந்து நிற்கும் நாள்களில் கொள்ளைப் பாதிக்கும் கீழே குறைத்து, காய்ந்த புல்லும் குதிரைமசாலும் கடலைக்கொடியும் தாராளமாகக் கொடுங்கள். ஊறவைத்து மீந்த கொள்ளு ஈரக் காற்றில் விரைவில் புளித்துவிடும், அதை மறுவேளைக்கு வைக்காதீர்கள். இருப்பு தீர்ந்ததும் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பது மற்றொன்று. பூசணம் பிடித்த வைக்கோலும் மக்காச்சோளமும் குதிரைக்கு நஞ்சு. நல்ல வைக்கோலேயானாலும் ஒரே நாளில் முழுக்க அதற்கு மாற்றினால் குடலில் அடைத்துக்கொள்ளும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து, கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். அவசரத்துக்கு ஒரு வேளைதானே என்று அந்த மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

குதிரை தரையைக் காலால் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால், தாடை எலும்பின் உட்புறத்தில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். அமைதியான குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60 தாண்டினால் காத்திருக்கக் கூடாது. 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். புயலன்று சாலையில் மரம் கிடந்தால் ஊர்தியும் வர முடியாது என்பதால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்து மருத்துவரிடம் முன்பே பேசி, கையில் என்ன மருந்து இருக்கலாம், எப்போது கொடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்தைத் தாங்களாகவே போட்டுவிடாதீர்கள். தள்ளாடும் குதிரையால் எதிலிருந்தும் விலகி ஓட முடியாது.

மழை ஓய்ந்த பிறகு பெருகும் குதிரை ஈக்கள் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் தெரிந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குளம்படியை நாள்தோறும் சுரண்டித் துடைத்து உலரவிட்டால் குளம்பு அழுகல் வராது.


தேவகோட்டை ஆச்சி எழுதியது:

பூர்வீக வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டப்பட்டவை, சுவரும் கனமானது, முற்றத்து மழைநீர் வெளியேற வழியும் வைத்தே கட்டியிருக்கிறார்கள். புயலுக்கும் சரி, டாக்டர் ஐயா சொன்ன மின்னலுக்கும் சரி, தோட்டத்துக் கொட்டகையோடு ஒப்பிட்டால் அது மேல். ஆனால் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வண்டிக் கொட்டகையில் உத்தரமும் கைமரமும் கரையான் அரித்திருக்கிறதா என்று ஒரு தச்சரை ஏற்றிப் பாருங்கள். நாட்டு ஓடு காற்றில் சரியும் என்பதால் ஓட்டுக்குக் கீழே பலகை அடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கொட்டகை தேறாவிட்டால் வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதிக்குள், நிறுத்தலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் பட்டால் லாடம் அடித்த குதிரை நிற்கவே நிற்காது; வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். வேறு வழியில்லை என்றால் ஒரு சாணுக்குக் குறையாமல் ஆற்று மணலைப் பரப்பி, அதன் மேல் வைக்கோல் போட்டு நிறுத்துங்கள். கல்லைக் கழுவிக்கொள்ளலாம். தூண்களுக்கு இடையில் குதிரை திரும்ப இடமிருக்கிறதா, பின்வாசல் நிலைக்குத் தலை இடிக்காமல் நுழையுமா என்று அளந்து பாருங்கள்.

இன்னொன்று, சொல்லாமல் விட்டால் நாளைக்கு வருத்தம் வரும். அந்த வீட்டில் எத்தனை பங்காளிகளுக்குப் பங்கு இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது? புயல் நாளில் ஒருவர் கோயம்புத்தூரிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்க, வாசலில் குதிரையை நிறுத்திக்கொண்டு தொலைபேசியில் அனுமதி கேட்க முடியாது. இப்போதே எல்லோரிடமும் சொல்லி, சாவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப்போல ஓரிடத்தில் நிற்பவை அல்ல இவை என்பதால், நல்ல வெயில் நாளிலேயே இரண்டு மூன்று முறை ஊருக்குள் நடத்திக் கொண்டுவந்து, அங்கே தீவனம் வைத்துப் பழக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுபோங்கள். பழகாத இடத்துக்குள் காற்று நேரத்தில் எந்தக் குதிரையும் நுழையாது.


செம்மண் தோட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆச்சி கேட்டது சரியான கேள்வி: பங்கு ஐந்து பேருக்கு, சாவி பெரியப்பச்சியிடம். இன்றே பேசிவிட்டேன், வளவுக்குள் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன் வண்டிக் கொட்டகைக்குச் சம்மதித்திருக்கிறார். தச்சர் அடுத்த வாரம் வருகிறார். தடுப்பூசிக்கு மருந்தகத்தில் சொல்லியாயிற்று.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எந்த நேரத்தில் தோட்டத்திலிருந்து கிளப்ப வேண்டும்? கிளப்ப முடியாமல் போனால் அந்த ஒன்றரை ஏக்கரை என்ன செய்து வைப்பது?


அறந்தாங்கிக் குதிரைக்காரர் எழுதியது:

நம் மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடன் கிளப்புங்கள். சிவப்பு வரும்வரை காத்திருந்தால் மழை பிடித்துக்கொள்ளும். நடத்திக் கொண்டுபோகும் தூரமாக இருந்தால் பகலில் நடத்தியே கொண்டுபோங்கள். குட்டியானையில் ஏற்றுவதானால் காற்று தொடங்குவதற்கு ஒரு முழு நாளுக்கு முன்பே ஏற்றிவிட வேண்டும், உயரமான பாரத்தோடு அந்த வண்டி பக்கக் காற்றில் ஆடும். பெட்டைக்குதிரையை முதலில் நடத்துங்கள், மற்ற இரண்டும் பின்னால் வந்துவிடும்.

ஒன்றரை ஏக்கரைப் பொறுத்தவரை, புயல் கடக்கும்போது காற்றின் திசை மாறும் என்பதால் குதிரைகள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒதுங்கிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கத்து முள்கம்பியையும் விட்டுவைக்க முடியாது. முழு வேலியையும் இந்த ஆண்டே மாற்றச் செலவாகும் என்றால், உள்பக்கமாக மூன்று நான்கு மீட்டர் தள்ளிச் சவுக்குக் கம்பு நட்டு, இரண்டு வரிசை குறுக்குக் கம்பு கட்டி, கண்ணில் படும்படி வெள்ளைச் சாக்குத் துணியைச் சுற்றிவிடுங்கள். தென்னைப் பக்கத்தை அந்த உள்வேலிக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். கிடக்கும் தகரத் துண்டு, ஏணி, காலி டிரம் எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டுங்கள். கண்மாய் உடையும் நிலை வந்தால் மேட்டுப் பக்கம் போவதற்கு ஒரு வாயிலைத் திறந்தே வையுங்கள்.

முதுகுச் சேணம், கால்கட்டு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நைலான் முகக்கயிறு கிளையில் மாட்டினால் அறாது, அதைக் கழற்றிவிட்டுப் பழைய தோல் முகக்கயிறு இருந்தால் போடுங்கள், இழுத்தால் அறுந்துவிடும். உங்கள் தொலைபேசி எண்ணைக் கன்றுக்காலிகளுக்கு அடையாளம் போடும் பெயின்டால் விலாவில் எழுதி, ஒரு பிளாஸ்டிக் பட்டையிலும் எழுதிப் பிடரி மயிரில் பின்னிவிடுங்கள். நான்கு பக்கமும் நின்று படம் எடுத்து, படத்தை அக்காவுக்கும் அனுப்பி வையுங்கள். கூடவே அந்த வேலைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குதிரையைப் பார்க்கிறேன் என்று இரவில் கொட்டகையில் படுக்கவிடாதீர்கள்.